ஹரல்ட் சிரிக்காத பகிடி

உங்களைத் தோற்கடிக்க நினைக்கும் ஒருவன் உங்கள் முகத்துக்கு நேரே உங்களைப் பற்றி ஒரு பகிடி சொல்ல, நீங்கள் அதற்கு வாய்விட்டுச் சிரித்தது கடைசியாக எப்போது?

யோசித்துப் பாருங்கள். முகநூலில் சிரிப்புப் பொம்மை போட்டதைச் சேர்க்க வேண்டாம். ஒரே மேசையில், ஒரே சட்டியிலிருந்து அள்ளிய சோற்றைத் தின்றுகொண்டு, எதிரே இருப்பவன் நாளை மறுநாள் உங்களை மண் கவ்வ வைக்கப் போகிறான் என்று தெரிந்துகொண்டே சிரித்திருக்கிறீர்களா? அப்படி ஒரு நாள் ஞாபகத்துக்கு வரவில்லை என்றால், வாவிக்கரை ஊரான தன்னாமுனையில் வாழ்ந்த ஒரு மனிதரைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

அவர் பெயர் ஹரல்ட். பறங்கியர், அந்தக் காலத்து ஐரோப்பியர் வழிவந்தவர். தச்சு வேலை, இரும்பு வேலை, தையல் என்று கைத்தொழிலில் ஊன்றிய சனத்திலிருந்து வந்தவர். அவர் மட்டும் வயருக்கும் பற்றரிக்கும் போனார். கல்யாண வீட்டுக்கும், கோயில் சடங்குக்கும், தேவாலயப் பெருநாளுக்கும், ஏறாவூர்ப் பக்கத்தில் விளையாட்டுப் போட்டிக்கும் ஒலிபெருக்கி கட்டுபவர் அவர்தான். 'ஸ்பீக்கர் ஹரல்ட்' என்றால் வாகரை வரைக்கும் தெரியும். தேர்தல் வந்துவிட்டால் ஓட்டோவின் கூரையில் இரண்டு குழாய்களைக் கட்டி, உள்ளே மைக்கைப் பிடித்துக்கொண்டு அவரே அறிவிப்பார். நல்ல கனத்த குரல். தண்ணீருக்கு மேலே குரல் வெகுதூரம் ஓடும். அந்த நாட்களில் வாவியில் வலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் தோணியில் இருந்தபடியே எந்தக் கட்சி என்ன தரப்போகிறது என்று அறிந்துகொள்வார்கள். எங்கள் பக்கத்து வாக்குறுதிகளை முதலில் கேட்டவை இறால்கள்தான் என்று ஒரு கதை உண்டு. நிறைவேறாத வாக்குறுதிகளைக் கேட்டு அவை பின்பக்கமாகப் போகப் பழகினவாம்.

ஹரல்டுக்கு ஒரு விசேஷம் இருந்தது. அவர் எந்தக் கட்சிக்காரருமில்லை. எல்லாக் கட்சிக்கும் அறிவித்தார். காலையில் ஒருவரைத் திட்டிய குரல் பின்னேரம் மற்றவரைத் திட்டும். எழுதிக் கொடுத்ததை வாசிப்பதுதான் தொழில். சனம் சந்தியில் நிறுத்திக் கேட்கும், "ஹரல்ட், காலம்பற நீ சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?" அவர் குழாயைத் தட்டிக் காட்டுவார்: "இதுக்கு வாய் மட்டும்தான் இரிக்கி. மூளை நீங்கதான் கொண்டு வரணும்."

யுத்தம் முடிவதற்கு முன்னிருந்த ஒரு தேர்தல் காலத்தில்தான் அவருடைய விருந்து தொடங்கியது. வாக்குக் கேட்க மனிதர்களோடு துப்பாக்கிகளும் வந்த காலம். எங்கள் பிரதேச சபைக்கு இரண்டு பேர் முட்டி மோதினார்கள். ஒருவர் கதிர்காமத்தம்பி. வயல்காரர், வட்டை என்று நாங்கள் சொல்லும் பெரிய வயல்வெளி ஒன்றில் பாதி அவருடையது, நிலக்காரரை எங்கள் பக்கத்தில் அழைப்பதுபோல் அவரையும் எல்லோரும் போடியார் என்பார்கள். மற்றவர் சரீப், மீன் மொத்த வியாபாரி. இருவருடைய ஆட்களும் சந்தியில் அடிபட்டார்கள். நடுவில் அகப்பட்டது ஹரல்டின் ஓட்டோ. குழாய்கள் இரண்டையும் உடைத்தார்கள். ஒன்றை ஒரு பக்கமும் மற்றதை மறு பக்கமும் உடைத்ததாகச் சொல்வார்கள். எங்கள் அரசியலில் இந்த அளவு சமத்துவம் அபூர்வம்.

பிரசாரம் ஓய்ந்த மறுநாள் ஹரல்ட் இரண்டு பேருடைய வீட்டுக்கும் சைக்கிளில் போனார். இரண்டு இடத்திலும் ஒன்றையே சொன்னார்:

"ஒங்கட ஏச்சையெல்லாம் என்ட வாயாலதான் ஏசினீங்க. தொண்டை என்ட, பழி என்ட, ஒடைஞ்ச குழாயும் என்ட. இண்டைக்கு மைக் இல்ல. என்ட வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக்கிட்டு, ஆளுக்காள் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. ஏச்சு வேணாம். பகிடியாச் சொல்லுங்க."

வந்தார்கள். ஏன் வந்தார்கள் என்று இன்றைக்கும் எனக்குப் புரிவதில்லை. பயத்தில் வாழ்ந்து களைத்துப் போயிருப்பார்கள். காவலுக்கு வந்தவர்களை வாவிக்கரையில் நிற்கச் சொல்லிவிட்டு, ஹரல்டின் அப்பா செய்த நீள மேசையில் எதிரெதிரே இருந்தார்கள். ஹரல்டின் மனைவி கிளாறிஸ் சோறும் இறால் பொரியலும் மீன் புளியாணமும் வைத்தார். சட்டம் ஒன்றுதான்: எதிராளியைப் பற்றி ஆளுக்கொரு பகிடி சொல்ல வேண்டும். வோட்டுக் கேட்கக் கூடாது. பகிடிக்குக் கோபப்படுகிறவர் எல்லாருடைய சாப்பாட்டுக் கோப்பையையும், அதாவது சோற்றுத் தட்டையும், கழுவ வேண்டும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்த மேசை நிறைந்தது. சபைத் தேர்தல் என்றில்லை. சனாதிபதித் தேர்தலானாலும் இவர்கள்தானே எங்கள் பக்கத்தில் தத்தம் கட்சிக்கு நின்று கத்துகிறவர்கள். வேறு சில நாடுகளில் இப்படி எதிரிகள் கோட்டும் சூட்டும் போட்டு, பெரிய மண்டபத்தில், பிரமுகர்கள் பார்க்கப் பகிடி சொல்லும் விருந்துகள் நடப்பதுண்டு என்று வாசித்திருக்கிறேன். ஹரல்ட் அதையெல்லாம் வாசித்தவரல்ல. அவருடைய விருந்துக்குப் பத்திரிகைக்காரர் வரவில்லை, படம் பிடிக்கப்படவில்லை. அதனால்தான் அங்கே சொன்ன பகிடிகள் நல்ல பகிடிகளாக இருந்தன.

ஒன்று சொல்கிறேன். கதிர்காமத்தம்பி சபைச் சேர்மனாக இருந்த காலத்தில் (பதவி போன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை) ஒரு மதகு கட்டினார். அதைப் பற்றி சரீப் சொன்னது:

"சேர்மன் மதகு கட்டினார், றிபன் வெட்டினார், பெயர் போட்ட கல்லும் நட்டார். அடுத்த மாரி வெள்ளத்தில மதகு போயிட்டு. கல்லு மட்டும் நிக்கிது. இப்ப சனம் தண்ணியில எறங்கி அந்தக் கல்லப் புடிச்சிக்கிட்டுத்தான் அங்கால போகுது. சேர்மன்ட பெயரால நன்மையே இல்லயெண்டு சொல்றவன் நன்றி கெட்டவன்."

கதிர்காமத்தம்பி சோற்றை விழுங்கி முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்:

"சரீப்ட கூட்டத்துக்கு ஒருநாள் ஒளிச்சிப் போனன். பேசுறான், பேசுறான், மறுகாவும் பேசுறான். கடைசியில மூணு பேர்தான் மிச்சம். நான், ஹரல்ட், பற்றரி. பொறகு பற்றரியும் போயிட்டு. ஹரல்ட் ஏன் போகல்லயெண்டா, மைக் அவன்ட."

தன்னைத்தானே கிண்டல் செய்வதிலும் போடியார் குறைந்தவரல்ல. "எலெக்சன் வந்தா எனக்கு ஊர் நாய்ட பெயரும் தெரியும். முடிஞ்சா நாய்க்கு மட்டும்தான் என்னைத் தெரியும்" என்பார்.

வருடங்கள் போக அந்த மேசைக்கு இன்னொரு வழக்கமும் சேர்ந்தது. காலமெல்லாம் குழாய்க்குக் கீழேயே இருந்த ஹரல்டுக்குக் காது அடைத்துவிட்டது. தொழிலைக் கொண்டுதான் பிழைத்தார், தொழிலே காதைத் தின்றது. அவர் வீட்டு விருந்தில் சொன்ன பகிடி அவருக்கே கேட்காமல் போனது. எனவே ஒவ்வொரு பகிடிக்கும் மேசை சிரித்து ஓய்ந்ததும் ஹரல்ட் மனைவி பக்கம் கிறுகிக் கேட்பார்: "என்னவாம்?" கிளாறிஸ் அவருடைய வலது காதருகே குனிந்து, சத்தமாக, சுருக்கித் திருப்பிச் சொல்வார். ஒரு கணம் போகும். பிறகு ஹரல்ட் மேசையில் அடித்துத் தனியாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எல்லாரும் மறுபடி சிரிப்பார்கள். அந்த மேசையில் எந்தப் பகிடிக்கும் இரண்டு சிரிப்பு உண்டு. இரண்டாவதற்காகவே பகிடி சொன்னார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

இதற்கிடையில் ஒருவரும் கோப்பை கழுவவில்லை. அதாவது ஒருவரும் கோபப்படவில்லை. அப்படியானால் கோப்பைகளைக் கழுவியது யார் என்று கேட்கிறீர்களா? கோபமே படாத கிளாறிஸ்தான். நல்ல மனிதர்களின் நல்ல வழக்கங்களுக்குக்கூடப் பின்கதவு ஒன்று இருக்கிறது. அதன் வழியாகப் போய்ப் பார்த்தால் அங்கே ஒரு பெண் குந்தியிருந்து பாத்திரம் விளக்கிக்கொண்டிருப்பாள்.

சென்ற வருடம் உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. அந்த நேரம் யாரும் ஹரல்டைத் தேடி அதிகம் வரவில்லை. பிரசாரம் கைத்தொலைபேசிக்குள் போய்விட்டது. திட்டுகிறவனுக்கு முகமும் இல்லை, பெயரும் பாதி பொய். ஹரல்ட் குழாய்களைத் துடைத்து மேசைக்குக் கீழே வைத்திருந்தார். ஆனால் விருந்தை விடவில்லை. அவரிடம் மிஞ்சியிருந்த பெருமை அது ஒன்றுதான். "என்ட மேசையில இரிந்தவன் ஒருத்தனும் குனிஞ்ச தலையோட ஒழும்பிப் போகல்ல" என்று சொல்லிக்கொள்வார். காசோ காணியோ சேர்க்காத மனிதர் அந்த ஒரு வசனத்தைச் சேர்த்து வைத்திருந்தார்.

கிளாறிஸ்தான் பேச்சை எடுத்தார். "இந்த முறை ஒரு பொம்புள நிக்கிது. அதையும் கூப்பிடுங்க. பொம்புள இல்லாத மேசைக்கிச் சமைச்சுச் சமைச்சு எனக்கு அலுத்துப் போச்சி."

அந்தப் பெண் கஜானி. முன்பள்ளி ஆசிரியை. சுயேச்சைக் குழுவில், கதிர்காமத்தம்பியின் வட்டாரத்திலேயே அவரை எதிர்த்து நின்றாள். ஹரல்ட் போடியாரிடம் போய்ச் சொன்னபோது அவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.

"ஆரு? கட்டாடியார்ர பேத்தியா?"

கட்டாடி என்றால் எங்கள் பக்கத்தில் துணி வெளுக்கும் குடி. கஜானியின் தாத்தா போடியார் வீட்டு நன்மை தீமைக்கெல்லாம் வெளுத்த துணியால் வெள்ளை விரித்தவர். வேலை முடிந்ததும் முற்றத்தில் நின்று சோறு வாங்கிக்கொண்டு போனவர். அந்த வீட்டுக் கதிரை எப்படியிருக்கும் என்று அவருடைய முதுகு அறியாது. இதெல்லாம் மன்னர் காலத்துக் கதையல்ல. அந்த முற்றத்துக்கு இப்போது சீமெந்து போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஆர்ர பேத்தியோ எனக்குத் தெரியா," என்றார் ஹரல்ட். "எலெக்சன்ல நிக்கிற கஜானி. வருவியா, மாட்டியா?"

"ஒன்ட மேசை. வாறன்."

பிறகு ஹரல்ட் கஜானியிடம் போனார். அவள் உடனே ஓம் சொல்லவில்லை.

"அங்கிள், அங்க என்னை வச்சிப் பகிடி பண்ணுவாங்க."

அவள் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஹரல்ட் தலையாட்டினார். "ஓம் புள்ள, பண்ணுவாங்க. அதுக்குத்தானே கூப்பிடுறன். நீயும் பண்ணு."

"கோபம் வந்தா?"

"கோப்பை கழுவணும்."

"வீட்டில கோபம் வராமலே கழுவுறன்," என்று சிரித்தாள். "சரி, வாறன்."

பிரசாரம் ஓய்ந்த மறுநாள் பின்னேரம். வாவியில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மேசையில் ஹரல்ட் தலைமாட்டில், வலது காதருகே கிளாறிஸ். ஒரு பக்கம் கதிர்காமத்தம்பியும் சரீப்பும், மறுபக்கம் கஜானி. சாப்பிடுமுன் கிளாறிஸ் சிலுவை போட்டுக்கொண்டார், சரீப் பிஸ்மி சொன்னார், போடியார் நெற்றியில் விபூதியோடு வந்திருந்தார். கடவுள்களுக்கு அந்த மேசையில் ஒரு குறையும் இல்லை. அடுத்து நடந்ததில் அவர்களில் ஒருவரும் தலையிடவுமில்லை.

முதலில் சரீப். போடியார் தன் வாழ்நாளில் நட்ட அடிக்கல்லையெல்லாம் சேர்த்திருந்தால் ஒரு மாடி வீடே எழும்பியிருக்கும் என்றார். மேசை சிரித்தது. "என்னவாம்?" கிளாறிஸ் சொன்னார். ஹரல்ட் அடித்துச் சிரித்தார். மறுபடி எல்லாரும்.

போடியார் சரீப்பின் புதுத் தலைமுடிச் சாயத்தை எடுத்தார். "சரீப் கறுப்பாக்கின தலையோட வீட்டுக்குப் போனாப்புல, வோட்டுக் கேட்டு வந்த வேற ஆளெண்டு பொஞ்சாதி கதவைச் சாத்திட்டாவாம்." முதல் சிரிப்பு. இரண்டாம் சிரிப்பு. புளியாணம் இன்னொரு சுற்று வந்தது.

"இப்ப புள்ள சொல்லட்டும்," என்றார் சரீப்.

கஜானி கையை நிறுத்தாமல், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

"சேர்மன் எங்கட வீட்டுக்கு வோட்டுக் கேட்டு வந்தவர். கதிரை போட்டம். நாரிப்பிடிப்பாம், இரிக்க ஏலாதெண்டு நிண்டார். தேத்தண்ணி குடுத்தம். சீனி வருத்தமெண்டார். சரியெண்டு சீனி இல்லாம ஊத்தினம். தேயிலை கூடாது, பிறசரெண்டார். தண்ணி குடுத்தம். விரதமெண்டார். அடுத்த வளவில கந்தோர் உத்தியோகத்தர் வீடு. அங்க போய் இரிந்து ரெண்டு வடையோட தேத்தண்ணி குடிச்சார், நாங்க வேலிக்குள்ளால பாத்தம். எனக்கு அவர்ல கவலை. எங்கட வாசலுக்கு வந்தவுடனே இவ்வளவு வருத்தம் வாற மனிசன் மறுகாவும் சேர்மனா வந்தா, ஊரெல்லாம் சுத்தி எப்படித் தாங்குவார்?"

சரீப்புக்குப் புரையேறிவிட்டது. கிளாறிஸ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹரல்டின் காதில் சொல்லி முடிக்கப் பெரும்பாடுபட்டார். ஹரல்ட் இரண்டு கையாலும் மேசையில் அடித்தார். கதிர்காமத்தம்பியும் சிரித்தார். ஆனால் அது பல் வரைக்கும் வந்து நின்ற சிரிப்பு. மதகு இடிந்ததை அவர் தாங்கியிருக்கிறார். தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டு வருகிற ஒன்றை ஒரு பெண் சோறு பிசைந்துகொண்டே சொல்லிச் சிரிப்பாக்கியதைத் தாங்க முடியவில்லை.

அவர் தண்ணீர் குடித்தார். பிறகு, எல்லாருக்கும் பொதுவாகச் சொல்வதுபோல் சொன்னார்:

"நல்ல பகிடி. இந்த முறை ஆருக்குக் கோபம் வருமெண்டு பாக்கத் தேவையில்ல கண்டியா. கழுவ ஆள் தேடவும் தேவையில்ல. பரம்பரையாக் கழுவுற கை மேசையிலயே இரிக்கி."

பழக்கத்தால் சரீப்பின் வாயிலிருந்து ஒரு சிரிப்புப் புறப்பட்டது. பாதியில் அதற்கே வெட்கம் வந்து நின்றுவிட்டது. கஜானியின் கை சோற்றின் மேலேயே நின்றது.

ஹரல்டுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கை நின்றதைப் பார்த்தார். மனைவி பக்கம் கிறுகினார்.

"என்னவாம்?"

"ஒண்டுமில்ல. சாப்பிடுங்க."

"என்னவாம் எண்டு கேக்கன்."

"விடு கிளாறிஸ்," என்றார் கதிர்காமத்தம்பி, மெதுவாக.

கிளாறிஸ் அவரை நிமிர்ந்து பார்த்தார். "ஏன் அண்ணன் விடணும்? இவ்வளவு காலமும் ஒங்கட பகிடி ஒண்டையும் நான் விடல்லியே."

குனிந்து, கணவரின் வலது காதருகே, உரத்த குரலில், இந்த முறை சுருக்காமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். பரம்பரையா. கழுவுற. கை. அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும். அதே சொற்கள்தான். முதல் தடவை அவற்றைச் சுற்றி ஒரு குரல் நெளிவும் ஒரு புன்னகையும் இருந்தன. இரண்டாம் தடவை அவை உடுப்பில்லாமல் நின்றன. தான் சொன்னதைச் சொன்னவரே அப்போதுதான் கேட்டார்.

எல்லாரும் ஹரல்டைப் பார்த்தார்கள். அந்த ஒரு கணம் போனது. அடுத்த கணமும் போனது. மேசையில் கை விழவில்லை.

கஜானிதான் பேசினாள். பிசைந்த சோற்றைக் கோப்பையின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். "எனக்குக் கோபம் வந்திரிக்கி அங்கிள். ஒங்கட சட்டப்படி நான் கழுவணும். கழுவினா அவர் சொன்னது சரியாப் போயிரும். கழுவாட்டி, பகிடி தாங்காதவ எண்டு ஊரெல்லாம் சொல்லுவாங்க. நான் என்ன செய்ய?"

கிளாறிஸ் அதையும் காதில் சொன்னார். ஹரல்ட் மேசையைப் பார்த்தார். அவர் ஆக்கிய சட்டம். அதில் இப்படியொரு ஓட்டை இருந்தது இவ்வளவு காலமும் அவருக்குத் தெரியவில்லை. மிதித்தவனை விட்டுவிட்டு, மிதிபட்டவள் 'ஆ' என்றதற்குத் தண்டனை கொடுக்கிற சட்டம். நாட்டின் சட்டப் புத்தகங்களிலும் இப்படி எத்தனையோ இருக்கின்றன. அவற்றை எழுதியவர்கள் எழும்பவில்லை. ஹரல்ட் எழும்பினார்.

"நீ இரி. கோபம் வந்தது எனக்கு."

முதலில் கதிர்காமத்தம்பியின் கோப்பையை எடுத்தார்.

"டேய், நான் இன்னும் திண்டு முடிக்கல்ல."

அது அவருக்குக் கேட்டதோ இல்லையோ தெரியாது. "முடிஞ்சிது கதிரு," என்றார்.

முற்றத்துக் குழாயடிக்குக் கோப்பைகளைக் கொண்டுபோய்க் குந்தினார். சரீப் எழும்பித் தன்னுடையதைத் தானே கொண்டுபோய்ப் பக்கத்தில் குந்தினார். கிளாறிஸ் எழும்பப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, இருந்துவிட்டார். கஜானிக்கு இன்னும் கொஞ்சம் இறால் வைத்தார். கஜானி சாப்பிட்டாள்.

போடியாருக்குப் போகவும் வழியில்லை. கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது, கை கழுவ இருந்த ஒரே குழாயில் ஹரல்ட் குந்தியிருந்தார். கடைசியில் அங்கேதான் போனார். ஹரல்ட் கொஞ்சம் விலகி இடம் விட்டார். தண்ணீரை நிறுத்தவில்லை.

"பள்ளிக்கூடத்தில என்னையும் பறங்கி பறங்கியெண்டு கூப்பிட்டுச் சிரிச்சீங்க கதிரு," என்றார் ஹரல்ட், சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டே. "அது எனக்குக் காது நல்லாக் கேட்ட காலம். ஒருத்தன் செஞ்சதச் சொல்லிச் சிரி. எவ்வளவும் சிரி. பொறந்ததச் சொல்லிச் சிரிக்கப்படாது. அதுக்கு அந்த ஆள் என்ன செய்யும்?"

கதிர்காமத்தம்பி கையைக் கழுவினார். படலையைத் திறந்து போய்விட்டார். தலை குனிந்துதான் போனார். ஹரல்ட் சேர்த்து வைத்திருந்த அந்த ஒரு வசனமும் அன்றோடு உடைந்தது. அன்றைக்குப் பிறகு அவர் அதைச் சொல்லவில்லை.

தேர்தலில் போடியார் தோற்றார். கஜானியும் வட்டாரத்தில் வெல்லவில்லை. ஆனால் அவள் குழு பெற்ற மொத்த வாக்குக்குக் கிடைத்த ஆசனத்தில், பட்டியல் வழியாகச் சபைக்குள் போனாள். சரீப் தன் வட்டாரத்தில் வென்று அவளுக்கு எதிர்வரிசையில் இருக்கிறார். இருவரும் சபையில் நன்றாகச் சண்டை பிடிக்கிறார்கள் என்று கேள்வி. மாதங்கள் போயின. தன்னாமுனைப் பக்கம் வந்தால் ஹரல்டின் படலையைத் தட்டாமல் போகாத போடியாரின் மோட்டார் சைக்கிள் இப்போது வேறு ஒழுங்கையால் போனது. ஹரல்டுக்கு மோட்டார் சைக்கிளின் சத்தம் கேட்காது. ஆனாலும் பின்னேரங்களில் படலையைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

மாரி மழை தொடங்கிய நேரம் கஜானி ஹரல்ட் வீட்டுக்கு வந்தாள். அவர் சுகமில்லாமல் கட்டிலில் இருந்தார். அவள் வலது காதருகே குனிந்து சத்தமாகச் சொன்னாள்:

"அங்கிள், நேத்து சேர்மன் எங்கட வீட்டுக்கு வந்தவர். எலெக்சன் ஒண்டும் இல்லாத நேரம்! கதிரையில இரிந்தார். தேத்தண்ணி கேட்டார். நான் சீனி இல்லாமக் குடுத்தன். 'சீனி போடு புள்ள' எண்டார். போட்டன். குடிச்சிட்டுச் சொல்றார், 'நான் அண்டைக்குச் சொன்னதில சீனி வருத்தம் ஒண்டுதான் உண்மை. மத்ததெல்லாம் பொய். ஹரல்டுக்குச் சொல்லு. சத்தமாச் சொல்லு.'"

ஒரு கணம் போனது. ஹரல்டின் கை கட்டில் சட்டத்தில் விழுந்தது. அவர் சிரித்தார். இருமலும் சிரிப்பும் கலந்து, கிளாறிஸ் ஓடிவந்து முதுகைத் தடவும்வரை சிரித்தார். மறுநாள் போடியாரின் மோட்டார் சைக்கிள் பழைய ஒழுங்கையால் வந்தது. இருவரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. கதிர்காமத்தம்பி கத்திக் கத்திப் பேசியதும், இடையில் மேசையில் கை அடிக்கும் சத்தம் கேட்டதும் அடுத்த வீட்டாருக்குத் தெரியும்.

ஒரு கிளாஸ் தேத்தண்ணியால் சாதி செத்துவிட்டதென்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்கிறவர்கள் சாதிக்குச் சொந்தக்காரர்கள். கஜானியின் சித்தப்பாவை இன்றைக்கும் சாவீடுகளில் வெள்ளை விரிக்கத்தான் கூப்பிடுகிறார்கள், சாப்பிடக் கூப்பிடுவதில்லை. அந்த ஒழுங்கையில் ஒரு கதிரையில் ஒரு மனிதர் இருந்தார். நடந்தது அவ்வளவே. ஆனால் அவர் அங்கே போய் இருப்பதற்கு காது கேளாத ஒரு மனிதன் சிரிக்காமல் இருக்க வேண்டியிருந்தது.

தை மாதம் ஹரல்ட் காலமானார். சேமக்காலைக்குப் போகும் வழியெல்லாம் ஒலிபெருக்கி கட்ட வேண்டுமென்று தொழில் தெரிந்தவர்கள் விரும்பினார்கள். கிளாறிஸ் வேண்டாம் என்றார். மனிதர் ஓய்வெடுக்கட்டும். அந்த அமைதியில் வாவிப் பக்கமிருந்து யாரோ தோணியைத் தட்டி மீன் கலைக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த மேசை அங்கேயே இருக்கிறது. கோப்பைகளும் இருக்கின்றன. கேட்டால் கிளாறிஸ் இரவல் தருவார். "கழுவித் தரணும், ஆம்புளயள் கழுவித் தரணும்" என்பது மட்டும்தான் அவருடைய நிபந்தனை. அடுத்த தேர்தல் எப்போது வருமென்று தெரியாது, ஆனால் வரும். கைத்தொலைபேசியில் முகமில்லாதவன் எழுதிய வசையை நீங்கள் இன்னொருவருக்கு அனுப்பப் போகிற அந்த நிமிடத்தில் அதைக் கீழே வையுங்கள். எழும்புங்கள். உங்கள் எதிர்க்கட்சிக்காரனின் வீட்டுக்குப் போய் அவனைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். இதுவரை உங்கள் மேசையில் இருக்காத குடியிலிருந்து ஒருவரையும் கூப்பிடுங்கள். சொல்லப்படுகிற ஒவ்வொரு பகிடியையும் ஒருவர் சத்தமாகத் திருப்பிச் சொல்லட்டும். இரண்டாம் தடவையும் சிரிப்பு வந்தால் சிரியுங்கள். வராவிட்டால், சட்டத்தைப் பார்க்காமல் எழும்பிப் போய்க் கோப்பையைக் கழுவுங்கள்.